மண்டோர் வீட்டுக்குக் குடிபோனவர்கள்

சின்னத்தாயைப் பெண் பேசி இருசப்பனுக்கு முடித்து வைத்தவரே செல்லன்தான். மலேசியாவில் கோலா சிலாங்கூருக்கு வடக்கே இருந்த அந்தச் செம்பனைத் தோட்டத்தில் அவர் மண்டோர். குலை வெட்டுகிறவர்களை வேலை வாங்குவார். அவர்களுக்கு ஒன்று என்றால் துரையிடம் போய் வாதாடுவார். இருசப்பன் அவரை வாய் நிறைய ‘அண்ணே’ என்பான்.

துரைக்கு அந்த வாதாட்டம் பிடிக்கவில்லை. எண்பத்து நாலில் ஒரு மத்தியானம், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வாசு, இருசப்பன் குடியிருந்த லயத்து வீட்டுக்கே வந்தார்.

“செல்லன் தோட்டத்துக் குலைய வெளி லோரியில ஏத்தி வித்தத நீ பாத்தேன்னு ஆபீஸ்ல சொல்லு. அவ்வளவுதான் லா. அடுத்த மண்டோர் நீதான்.”

“அண்ணன் அப்படிப்பட்டவரு இல்லீங்களேய்யா,” என்றான் இருசப்பன்.

“எனக்குத் தெரியாதா? யோசிச்சுச் சொல்லு.”

கிராணி போனதும் இருசப்பன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சின்னத்தாய்க்குத்தான் நெஞ்சு பரபரத்தது. மண்டோர் வீட்டில் மூன்று அறை, தனிக் குழாய், தனிக் கக்கூஸ். இங்கே பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் எவனாவது காறினால், தன் தட்டிலேயே துப்பியதுபோல் அவளுக்குக் குமட்டும்.

“நீங்க மாட்டேன்னா பக்கத்து வீட்டு ராஜு சொல்லப் போறான். அவரு வேல எப்படியும் போகத்தான் போவுது,” என்றாள்.

“வாய் கூசாதாடி?”

“ஒரு நாள் கூசும். சாகுற வரைக்கும் குலை வெட்டப் போறீங்களா?”

மறுநாள் இருசப்பன் துரை அறையில் தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டு வந்தான். சாட்சி யாரென்று ஆபீஸ் வெளியே விடவில்லை. வீட்டைக் காலி செய்யச் செல்லனுக்கு ஒரு வாரம் கெடு கொடுத்தார்கள்; மண்டோர் வேலை இருசப்பனுக்கு வந்தது.

சாவியைக் கொடுக்கக் காத்திருந்த செல்லன் மனைவி காளியம்மா, வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.

“எவனோ படுபாவி பொய் சொல்லிட்டான், தாயி. போவட்டும். வேற யாரும் வராம நீ வந்தியே, அது போதும் எனக்கு. வந்த அன்னிக்கே அடுப்பு மூட்ட வேணாம்னு மீன் கொழம்பு வச்சிருக்கேன்.”

அந்தக் குழம்பை இருசப்பன் இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டான். மீன் தலையை உறிஞ்சினான், விரல்களை ஒவ்வொன்றாக நக்கினான்.

“அக்கா கைப்பக்குவமே தனி,” என்றான்.

சின்னத்தாய் தன் தட்டோடு எழுந்து பின்கட்டுக்கு ஓடி, சோற்றைக் கொட்டினாள்.

செல்லன் பாசிர் பெனம்பாங் மீன்துறையில் கூடை சுமந்தார். ஐந்தாம் மாதம், கூடையோடு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

தோட்டமே லோரியில் சாவுக்குப் போனது. இருசப்பன் எல்லாருக்கும் முன்னால் இறங்கி, “அண்ணே, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே!” என்று மாரில் அடித்துக்கொண்டான். கண்ணீர் நிஜமாகவே வழிந்தது. அதைப் பார்க்கத்தான் சின்னத்தாய்க்கு உடம்பெல்லாம் புழு ஊர்ந்தது. பாடையைத் தூக்க அவன் தோளில் துண்டைப் போட்டபோது அவளால் தாங்க முடியவில்லை.

“அக்கா, பொய் சொன்ன படுபாவி இவருதான். சொல்லச் சொன்னவ நானு.”

காளியம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். பிறகு இருசப்பன் பக்கம் திரும்பினாள்.

“கைய எடுடா.”

அவன் எடுத்தான். வேறு நாலு பேர் பாடையைத் தூக்கினார்கள்.

வீடு திரும்பியதும் அவன் அவள் மயிரைப் பிடித்து உலுக்கினான். “சொல்லச் சொன்னதும் நீ, காட்டிக் கொடுத்ததும் நீயா?”

“ஆமா.”

அவன் கையை விட்டான். சற்று நேரம் கழித்து, “சோறு போடு,” என்றான். போட்டாள். சாப்பிட்டான்.

மறுநாள் மண்டோர் தொப்பியோடு வேலைக்குப் போனான். வெட்டுக்காரர்கள் அவன் நிழல் படாமல் ஒதுங்கி நின்றார்கள். கிராணிக்கு அது பற்றிக் கவலையில்லை. அன்றிலிருந்து சின்னத்தாய் அவன் தட்டைத் தனியாகக் கழுவினாள், தனியாகப் படுத்தாள். அவனை விட்டு விலகுவது அவளுக்குப் பெரிய காரியமாக இல்லை. தன்னை விட்டு எங்கே விலகுவது என்றுதான் தெரியவில்லை.