ஜன்னலுக்கு மேல் ஓர் ஒட்டு

கணக்கு வாத்தியாருடையது சாக்பீஸ் பிடித்த கை. அந்தக் கையில் ரம்பத்தை எடுத்துக்கொண்டு, படுக்கையறையில் சுவரும் கூரையும் சேரும் இடம் முழுக்க பீடிங் என்கிற அலங்கார மரப்பட்டை அடிக்கப் போகிறேன் என்று அவர் கிளம்பியபோது யாருக்கும் சிரிப்பு வந்திருக்கும். காரணம் தெரிந்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

காரணம் அவர் மனைவி. தையல்காரி. அவள் கண்ணுக்குத் தப்பிய கோணல் கிடையாது. சாலைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்பவனின் கட்டம் போட்ட சட்டையில் பை ஒரு நூல் இறங்கியிருந்தால் இங்கிருந்தே முகம் சுளிப்பாள். இத்தனைக்கும் அவளுக்கு ஒரு கண் சிறு வயதிலிருந்தே மங்கல். எல்லா வேலையும் பார்த்தது இன்னொரு கண்தான். போன மாதம் அந்தக் கண்ணில் விழித்திரை விலகிவிட்டது. ஆபரேஷன் முடிந்தபின் டாக்டர், "பார்வை மெதுவாத்தான் வரும். எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது," என்றார். ஊசியில் நூல் கோக்க முடியுமா என்று அவள் கேட்டபோது அவர் சொட்டு மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

மூன்று வாரம் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும் என்றார்கள். அவளுடைய தம்பி வீட்டில், தம்பி மனைவியின் கவனிப்பில் அவளை விட்டுவிட்டு வந்த வாத்தியாருக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. சும்மா உட்கார்ந்தால் பயம் பிடுங்கித் தின்றது. கூரையோரம் ஓடிய விரிசலைப் பார்த்து, "மடிச்சுத் தைக்காத துணி மாதிரி இருக்குங்க," என்று அவள் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தது அப்போதுதான் உறைத்தது. இலையும் மொட்டும் மாறி மாறிச் செதுக்கிய பீடிங்கை வாங்கிக்கொண்டு வந்தார்.

முதல் மூலையிலேயே மூக்குடைந்தது. இரண்டு துண்டையும் நாற்பத்தைந்து டிகிரியில் சாய்த்து வெட்டினார். இரண்டும் சேர்ந்தால் தொண்ணூறு. அது கணக்கு. சுவருக்கு அந்தக் கணக்கு தெரியாது போலிருக்கிறது, மூலை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. திரும்ப வெட்டினார், அது இன்னும் அகலமாகப் பிளந்தது.

மனைவியின் தம்பி தச்சன். பேசியே ஆளை அறுப்பதால் தொழிற்கூடத்தில் அவன் பெயரே ரம்பம். வந்து பார்த்தவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"மாமா, உங்க பாடப் புத்தகத்துல இருக்கற மூலை எந்த வீட்லயும் இல்லை. ஒரு துண்டை நேரா சுவர் வரைக்கும் விட்டுடுங்க. இன்னொண்ணோட முனையை இதோட வளைவுக்கு வெட்டி, இது மேல கொண்டுவந்து உட்கார வைங்க. சுவர் எப்படிக் கோணினாலும் சந்து தெரியாது."

"வெட்டிக் காட்டு மாப்ளே."

மெல்லிய ரம்பத்தால் வளைவு வளைவாக அறுத்து, அரத்தால் நாலு இழுப்பு இழுத்து, அவன் அந்தத் துண்டைக் கொண்டுபோய்ப் பொருத்தினான். மரம் மரத்தோடு போய்ச் சேர்ந்த இடத்தில் கோடு இல்லை. இருந்த இடைவெளி எங்கே போனது? வாத்தியார் ஏணியில் நின்றபடியே கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். முப்பது வருஷம் கரும்பலகையில் நிரூபித்த எதுவும் அவரை இப்படி மயிர்க்கூச்செறிய வைத்ததில்லை.

மற்ற மூலைகளை அவரே முடித்தார். ஜன்னல் சுவர்தான் நீளம். ஒரே துண்டு போதவில்லை. இரண்டு துண்டின் முனைகளையும் சாய்த்து வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி, பசை போட்டு, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளையடித்தார். மறுபடி வந்த ரம்பம் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தான். விரலால் தடவிப் பார்த்தான்.

"ஒட்டு எங்க மாமா?"

"நீதானே தச்சன். கண்டுபிடி."

அவன் கண்டுபிடிக்கவில்லை. வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் வீடு திரும்பினாள். இனி மல்லாந்து படுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் ஆசையாக மேலே காட்டினார்.

"வெள்ளையா ஏதோ இருக்குங்க. நல்லா இருக்கு," என்றாள். அவர் மனம் நோகக்கூடாதே என்பதற்காகச் சொன்னது அது. வாத்தியாருக்கும் புரிந்தது. பின்கட்டுக்குப் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. தையல் மிஷின் மேல் போட்ட துணி போட்டபடியே கிடந்தது. என்ன தெரிகிறது என்று அவர் கேட்பதை விட்டுவிட்டார். கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்கும் அவளுக்கு.

அன்று காலை அவர் டீயோடு உள்ளே வந்தபோது அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி சுருங்கியிருந்தது.

"என்னங்க, ஜன்னலுக்கு மேல ரெண்டு இலை பக்கத்துல பக்கத்துல இருக்கே. நடுவுல மொட்டு எங்க?"

வாத்தியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, விரலை வைத்து எண்ணினார். இலை, மொட்டு, இலை, இலை. வெட்டும்போது அவர் நீளத்தை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்தார். பூவேலையை எண்ணிப் பார்க்கவில்லை. ஒட்டுப் போட்ட இடத்தில், சாய்த்து வெட்டியதில் ஒரு மொட்டு போயே போய்விட்டது. அவ்வளவு கிட்டத்தில் நின்றும் அவருக்கு அது விரலுக்குத்தான் தெரிந்தது. அவளோ கட்டிலில் படுத்தபடி சொல்கிறாள்.

"துணியா இருந்தா டிசைன் பார்த்துத்தான் வெட்டுவேன்," என்றாள். "பிரிச்சு மாத்துங்க. கண்ணை உறுத்துது."

"மாத்தறேன்," என்றார். "அந்தச் சுவர்ல மொத்தம் எத்தனை இலை, சொல்லு பார்ப்போம்."

அவள் இடது மூலையிலிருந்து ஆரம்பித்தாள். கூடவே எண்ணிக்கொண்டு வந்த கணக்கு வாத்தியாருக்குப் பாதியில் தவறிவிட்டது. அவளுக்குத் தவறவில்லை.

அவர் கூடத்துக்கு வந்து போன் போட்டார்.

"மாப்ளே, உங்க அக்கா ஒட்டைக் கண்டுபிடிச்சுட்டா."

பேசியே அறுப்பவன் இந்தத் தடவை இரண்டே வரியில் முடித்தான். "நான் விரல் வெச்சுத் தேடியும் கிடைக்கலையே மாமா. தடவிப் பார்த்தாங்களா?" என்றான்.

"தடவலைடா. படுத்த இடத்துல இருந்தே பார்த்தா."