திஹோமிரின் இடது பாதம்

சர்க்கரை நோயில் திஹோமிரின் பாதங்கள் மரத்துப்போய்ப் பல வருடங்களாகியிருந்தன. சாயங்காலமானால் அவர் மனைவி ராடுன்கா சமையலறையில் முக்காலியைப் போட்டுக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்துவிடுவாள். முழங்கையால் சூடு பார்த்த தண்ணீரில் அவர் கால்களைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் தங்காமல் துடைத்து, உள்ளங்காலை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்ப்பாள். சிறு கீறல், சிவப்பு, கொப்புளம் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. திஹோமிருக்குப் பார்வையும் மங்கல், தொந்தியும் பெரிது. தன் பாதத்தைத் தானே பார்ப்பது அவரால் ஆகாத காரியம்.

சண்டை ஒரு சிரிப்பில்தான் தொடங்கியது. பக்கத்து வீட்டு ப்ளாகோயே, ராக்கியா என்கிற பழச்சாராயம் குடிக்க வந்திருந்தார். ராடுன்கா வழக்கம்போல் காலைப் பிடித்துத் திருப்பினாள்.

"பாருடா, லாடம் அடிக்கப்போறா," என்றார் திஹோமிர். "கிழட்டுக் குதிரையைக் கட்டிக் காக்குறா. பாவம், வேற எவனும் இவளை வேலைக்கு வைக்கல."

ப்ளாகோயே மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தான் வேலை பார்த்த தையல் ஆலை மூடியபின் வேறு வேலை தேடி லெஸ்கோவாட்ஸ் ஊர் முழுக்க அலைந்து அலுத்தவள் ராடுன்கா. அந்தக் கடைசி வார்த்தை எங்கே போய்த் தைக்கும் என்று திஹோமிருக்குத் தெரியாதா? அவள் துண்டை அவர் மடியில் வீசினாள்.

"இனிமே உன் காலை நீயே பாத்துக்கய்யா."

"பாத்துக்கறேன் போடி. எனக்கும் கண்ணு இருக்கு."

அதோடு பேச்சு நின்றது. முதலில் அவர் வரட்டும் என்று அவளும், அவள் கூப்பிடட்டும் என்று அவரும் இருந்தார்கள்.

அந்த வருடத்து அய்வார்த் தொக்குக்கு மிளகாய் சுட்டதும் பேச்சில்லாமல்தான். முற்றத்து இரும்பு அடுப்பில் அவர் சிவப்புக் குடைமிளகாய்களைப் புரட்டினார், அவள் தோலுரித்தாள். அடுப்பிலிருந்து உருண்ட தணல் ஒன்று அவருடைய இடது செருப்புக்குள் விழுந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. காலுறை கருகிய வாடை மிளகாய்த்தோல் கருகும் வாடையோடு கலந்துபோயிற்று. கையெட்டும் தூரத்தில் இருந்தும் ராடுன்காவுக்கு எதுவும் புலப்படவில்லை.

அந்த வாரமே கொடியில் அவருடைய காலுறைகள் தொங்கின. அவரே துவைத்திருக்கிறார். ஒரு கைக்குட்டையைக்கூடக் கசக்கியறியாத மனுஷன்! 'நீ இல்லாமலும் நடக்கும்னு காட்டுறியா?' என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடிப்பக்கமே போகவில்லை. போயிருந்தால் துணியை விட்டுப் போகாத கறை தெரிந்திருக்கும்.

பிறகு ஒரு காலை அவர் எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. போர்வையை விலக்கியதும் நாற்றம் முகத்தில் அடித்தது. ராடுன்கா காலுறையை உருவினாள். உள்ளங்கால் கறுத்து அழுகியிருந்தது.

"ஏன்யா சொல்லல? கடவுளே, ஏன்யா சொல்லல?"

"நீதான் பேசலியே," என்றார், பற்கள் கிட்டிக்க, கோபித்துக்கொண்ட பிள்ளைபோல.

ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. ஒரு மத்தியானம் அவர் கண் விழித்து அவள் கையைத் தேடினார்.

"அன்னிக்கு ப்ளாகோயே சிரிக்கட்டும்னுதான்டி சொன்னேன்."

"தெரியும்யா. தூங்கு."

"வலிக்கவே இல்லடி. ஒரு துளிகூட."

அவளைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் அதன்பின் பேசவில்லை.

அடக்கத்துக்கு வியன்னாவிலிருந்து மகள் சூசானா வந்தாள். எல்லாரும் போனபின் அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"தினமும் பாப்பியேம்மா. எப்படிம்மா இதை விட்ட?"

பிற்பாடு அவர் செருப்புக்குள் கண்டெடுத்த கரித்துண்டைச் சொல்லலாம், மிளகாய் வாடையைச் சொல்லலாம். ராடுன்காவுக்கு அதெல்லாம் வாயில் வரவில்லை.

"பாக்கலடி. சண்டை போட்டுட்டுப் பேசாம இருந்தோம்."

சூசானா சட்டையை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனாள். அவள் விசும்புவது உள்ளே கேட்டது. எழுந்து போய் மகளின் தோளைத் தொட ராடுன்காவுக்குத் தைரியம் வரவில்லை.