எல்லையில் நின்ற மாப்பிள்ளை

பங் டோக்சு கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். எதிரே தெரிந்த வடகொரியா காரணமில்லை. பக்கத்தில் நின்ற மனைவி சுன்ரேதான் காரணம்.

"இந்தப் பக்கம் பட்டாளத்துல இருந்தவங்க யாராச்சும் வந்திருக்கீங்களா?" என்று கண்காணிப்பு மாடத்தில் வழிகாட்டிப் பெண் டாஹி கேட்டதும், சுன்ரே கையைத் தூக்கினாள். தன் கையை அல்ல, அவர் கையை.

"இவர்தான்மா! இருபத்தாறு மாசம் காவல் கூண்டுல நின்னவர். எதிரி கொட்டாவி விட்டா பல்லை எண்ணிடுவாராம்."

இஞ்சியோன் சந்தை வியாபாரிகள் சங்கத்தார் நாற்பது பேரும் கை தட்டினார்கள்.

"எந்த மேடு சார்?" என்றாள் டாஹி.

டோக்சு முள்வேலிக்கு இப்பால் ஏதோ ஒரு மேட்டைக் காட்டினார். "அதுக்கு மேல கேக்காதம்மா. ராணுவ ரகசியம்."

எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறையும் தப்பித்தாயிற்று.

உண்மையில் அவர் பட்டாளத்தில் சமையல்காரர். எல்லைக்குப் பின்னால் இருந்த முகாமில் முந்நூறு பேருக்குப் பொங்கிப் போட்டவர். முட்டைக்கோஸ் தவிர வேறெதையும் அவர் வெட்டியதில்லை. ஆனால் சுன்ரேயின் அப்பா வடக்கே பிறந்து போரில் ஓடி வந்தவர். எல்லையில் நிற்காதவனுக்குப் பெண் கிடையாது என்று சொல்லிவிட்டார். டோக்சு "நின்றேன்" என்றார். சொன்ன பொய்யைக் கட்டிக் காக்க வேண்டுமே! முப்பத்தோரு வருடமாக வீட்டில் வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனிதராக வாழ்ந்தார். மாமனார் போய்ச் சேர்ந்த பிறகும் பொய் போகவில்லை. இன்று அது உடைந்தால் இந்த வயதில் சுன்ரே முகத்தில் எப்படி விழிப்பது?

மதியச் சாப்பாடு எல்லையோரக் கிராமத்தில். அங்கே விளையும் சோயாவுக்கு ஊரெல்லாம் பெயர். மாதர் சங்கத்துப் பெண்கள் முற்றத்தில் இரண்டு பெரிய இரும்பு அண்டாக்களில் முள்ளங்கிக் கீரை போட்டு சோயா விழுது சூப் காய்ச்சினார்கள். மூன்று பேருந்துக் கூட்டம் ஒரே நேரத்தில் வந்து இறங்கியதில் அவர்களுக்குக் கை ஓடவில்லை.

டோக்சுவின் மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. இடது அண்டா அடிபிடிக்கப் போகிறது.

பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஊறுகாய் முள்ளங்கியைக் கடித்தார். ஒரு பெண் வந்து மரக்கரண்டியால் மேலாகக் கிண்டிவிட்டுப் போனாள். மேலாகக் கிண்டினால் என்ன ஆகும்! நூறு பேர் சாப்பாடு கருகிப் போகும். அவர் கால் தானாக எழுந்தது.

சமையலுக்கென்று கழுவிச் சாத்தியிருந்த எஃகு மண்வாரியை எடுத்தார். இடது முழங்காலை அண்டாமேடையில் முட்டுக்கொடுத்தார். மண்வாரியை அடிவரை இறக்கி, சுரண்டாமல் வழித்து, இடுப்போடு சேர்த்துத் திருப்பினார். "விறகை இழும்மா! அந்தப் பக்கம் ரெண்டு கட்டை!" என்று குரல் கொடுத்தார்.

முற்றத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கிருந்த ஆண்கள் அத்தனை பேரும் கட்டாயப் பட்டாளச் சேவையில் இரண்டு வருடம் தட்டேந்தி நின்று, பட்டாளச் சமையல்காரரின் இந்த மண்வாரி வீச்சைப் பார்த்துப் பார்த்துப் பசித்தவர்கள்.

"அடப்பாவி டோக்சு!" மீன்கடை மா கில்யொங் கத்தினார். "நீ சமையல்கட்டுப் பட்டாளமாடா! எதிரியைக் கரண்டியாலதான் அடிச்சியா?"

சிரிப்பில் முற்றம் அதிர்ந்தது. சுன்ரே மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து அண்டாவருகே வந்தாள்.

"ஜேயுன் அப்பா, நம்ம ஜேயுன் பொறந்தப்போ பிள்ளை பெத்தவளுக்கு வைக்கிற கடல்பாசி சூப்பை எனக்கு வச்சது யாரு?"

"நீதான்."

"வீங்கின காலோட நின்னு நானே வச்சேன். நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"பக்கத்துலதான்... காவலா..."

"எதுக்குக் காவல்? அடுப்பு ஓடிப்போயிடும்னா?"

டோக்சு மண்வாரியும் கையுமாக நின்றார். வியர்வை சூப்பில் விழாமல் தோளில் துடைத்துக்கொண்டார். அவள் ஒரு கிண்ணம் மொண்டு, நின்றபடியே குடித்தாள். இன்னொரு கிண்ணம் மொண்டாள்.

திரும்பும் பேருந்தில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்து வந்தாள். டோக்சு இரண்டு முறை மிட்டாய் நீட்டினார். வாங்கவில்லை.

எல்லைப் பகுதியை விட்டு வெளியேறும் பாலத்துச் சோதனைச் சாவடியில் இளம் சிப்பாய் ஒருவன் ஏறித் தலைகளை எண்ணிக்கொண்டு வந்தான். சுன்ரே அவனை நிறுத்தினாள்.

"தம்பி, உங்க முகாம்ல சமைக்கிற பையன்கிட்ட ஒண்ணு சொல்லு. பொண்ணு பாக்கப் போனா, எல்லையில நின்னேன்னு பீத்திக்க வேணாம்னு சொல்லு."

"அம்மா, நான் எண்ணிட்டிருக்கேன்..."

"எங்கப்பா சூப்புல உப்புக் கம்மின்னு எங்கம்மாவோட தினம் சண்டை போட்டவர். இந்த மனுஷன் சமையல்காரன்னு மட்டும் சொல்லியிருந்தா, அன்னைக்கே புடிச்சுக் கல்யாணத்தப் பண்ணி வச்சு, வீட்டோட மாப்பிள்ளையா அடுப்படியில உக்காத்தி வச்சிருப்பார்."

பேருந்தே குலுங்கியது. கில்யொங் இருக்கையிலிருந்து நழுவிவிட்டார். சுன்ரே டோக்சுவின் மடியிலிருந்த மிட்டாயை எடுத்து உரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

சிப்பாய் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றான். பணியில் சிரிக்கக் கூடாது. அடக்கியதில் எண்ணிக்கை தப்பிவிட்டது. முதல் வரிசைக்குப் போய் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினான்.