ஷரிபுதீன் போட்ட முடிச்சு

ஷரிபுதீனுக்கு எதுவும் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. மருதமுனையில் தறி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை, இழை சிக்கினால் அவனுக்கு உயிர் போய்விடும். என் தங்கை றுஸ்னாவைக் கட்டிக்கொண்டு கல்முனைக்குடிக்கு வந்தபிறகு என்னோடு சங்கு குளிக்கிறான். கடலுக்குள்ளும் அதே குணம்தான்.

அன்று காலை கடலுக்குப் போகும் போட்டில் வைத்தே என் காற்றுச் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டான். எங்கள் ஒவ்வொருவரிடமும் இரண்டு மூச்சுக் குழாய்கள் இருக்கும். ஒன்று நம் வாய்க்கு. மற்றது, கூட வருபவனுக்குக் காற்று முடிந்தால் கொடுப்பதற்கு. அது பக்கத்தில் சும்மா தொங்கும். அதுதான் இவன் கண்ணை உறுத்தியது.

"பழைய வலையில கொளுவப் போகுது மச்சான். கட்டி உடுறன்."

"வேணுமெண்டா எப்பிடி எடுக்கிற?"

"ஆருக்கு வேணும்? கடலுக்குள்ள நானும் நீயும்தானே."

தறி நூலால் அந்தக் குழாயைச் சிலிண்டர் வாரோடு சேர்த்து நெசவு முடிச்சுப் போட்டான். இழுக்க இழுக்க இறுகுமே, அந்த முடிச்சு. காற்றின் அளவு காட்டும் தன் மீட்டரையும் முதுகுப் பக்கம் இழுத்துக் கட்டிக்கொண்டான். "பொண்ணுக்குச் சடை பின்னுறியா?" என்று நான் சிரித்தேன்.

கீழே சங்கு தாராளமாகக் கிடந்தது. பொறுக்கிக்கொண்டே திரும்பினால், ஷரிபுதீன் அடித்துப் பிடித்துக்கொண்டு வருகிறான். கையால் கழுத்தை அறுப்பதுபோல் காட்டுகிறான். காற்று முடிந்துவிட்டது. மீட்டர் முதுகில் கிடந்தால் எப்படித் தெரியும்!

பாய்ந்து வந்து என் மற்றக் குழாயை இழுத்தான். வரவில்லை. இன்னும் வேகமாக இழுத்தான். முடிச்சு இன்னும் இறுகியது. அது தான் போட்ட முடிச்சு என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அல்லாஹ்வே, கண்ணாடிக்குள் அந்தக் கண்கள்!

என் வாயிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். இரண்டு மூச்சு அவனுக்கு, இரண்டு எனக்கு. அப்படித்தான் பழகியிருந்தோம். அவன் இரண்டு இழுத்தான். மூன்று இழுத்தான். நான் கை நீட்டினேன். அவன் தரவில்லை. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தான். விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் சிலிண்டர், என் காற்று, என் தங்கச்சி புருசன், என்னையே சாக விடுகிறான்! என்னால் நம்பவே முடியவில்லை.

நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. காலில் செருகியிருந்த கத்தியை உருவினேன். உண்மையைச் சொல்கிறேன், எதை வெட்டப் போகிறேன் என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. பிறகு நூலை வெட்டினேன். மற்றக் குழாயை வாயில் திணித்துக்கொண்டு, அவனையும் இழுத்துக்கொண்டு மேலே வந்தேன்.



வீட்டில் றுஸ்னா பிளேன்டீ ஊற்றித் தந்தாள். அவனே எல்லாவற்றையும் சொன்னான், ஒன்றையும் மறைக்கவில்லை.

"முடிச்சுப் போட்டது என்ட பிழைதான். மச்சான்தான் காப்பாத்தினாரு. ரெண்டு மூச்சு அவரு, ரெண்டு மூச்சு நான். மாறி மாறி எடுத்துத்தான் மேல வந்தம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அப்படித்தான் நடந்தது என்று மனதார நம்பினான்.

"அப்பிடியா காக்கா?" என்று அண்ணனான என்னைக் கேட்டாள் றுஸ்னா, கண் கலங்கி.

"ஓம்," என்றேன்.

ஷரிபுதீன் எட்டி என் கையைப் பிடித்தான், இரண்டு கையாலும் பொத்தி. நான் வெடுக்கென்று உதறிவிட்டேன். கோப்பை விழுந்து உடைந்தது.

றுஸ்னா கோப்பையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.