இடுப்பில் கை வைத்து ஒரு கும்பிடு

நடிகருக்கு மன்றம் வைக்காத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. டைரக்டருக்கு வைத்த ஊர் செங்கல்பட்டுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். இல்லை என்பவர்கள் ஆதாரத்தோடு வரட்டும். பெயர், இயக்குநர் தனக்கோடி ரசிகர் பேரவை. தலைவர் வரதன், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். செயலாளர் நான், கோதை. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். டீச்சருக்கு எதற்கு இந்த விசிலும் காகிதமும் என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களில் மூன்று பேர் இப்போது பேரவை உறுப்பினர்கள்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. திரையில் ஹீரோ பெயர் வரும்போது உட்கார்ந்தே இருப்போம். 'இயக்கம்: தனக்கோடி' என்று வந்ததும் மொத்தப் பேரும் எழுந்து காகிதம் வீசுவோம். காகிதம் என் பொறுப்பு. திருத்தி முடித்த பழைய யூனிட் டெஸ்ட் பேப்பர்களைப் பொடிப்பொடியாகக் கிழித்துப் பையில் கட்டிக்கொண்டு போவேன். பிள்ளைகள் எழுதிய பதில்களுக்கு அதைவிட நல்ல கதி கிடைக்காது.

தனக்கோடியின் நாலாவது படம் 'ஈரக்கரை'. போன வருஷம் சதுரங்கப்பட்டினத்தில் எடுத்தார். ஞாயிறுதோறும் நாங்கள் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போய்க் கடற்கரையில் நின்று வேடிக்கை பார்த்தோம். அங்கேதான் பரிமளாக்கா பழக்கமானாள். மீன் ஏலம் விடுகிறவள். அவள் ஏலம் கூறினால் கரையோரத்துப் பழைய கோட்டைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள்கூடத் திரும்பிப் பார்ப்பான். தனக்கோடியும் அப்படித் திரும்பிப் பார்த்தவர்தான். பார்த்த அன்றே அவளுக்குப் படத்தில் ஒரு காட்சி வைத்துவிட்டார். கடற்கரைக்கு வேலி போட வந்த கம்பெனி அதிகாரியை மறித்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் வாங்கு வாங்கென்று வாங்குகிற காட்சி. பிறகு அவளையே சென்னைக்கு அழைத்துப்போய், திரையில் தன் வாயைத் தானே பார்த்துப் பேசவைத்து டப்பிங்கும் முடித்தார். முப்பது தடவை பேசியிருப்பேன் என்று பெருமையாகச் சொல்வாள்.

படம் வெளியாகப் பத்து நாள் இருக்கும்போது குண்டு விழுந்தது. படத்தைத் தயாரித்த அன்னபட்சி ஸ்டுடியோஸ் ஓர் அறிக்கை விட்டது. எல்லா ஊர் மக்களுக்கும் புரியும்படி வசனங்கள் மெருகேற்றப்பட்டிருக்கின்றனவாம். இதில் கருத்து வேறுபாடு கொண்ட இயக்குநர் விலகிவிட்டாராம். அரை மணி நேரத்தில் தனக்கோடி தன் ஃபேஸ்புக் பக்கத்தில் இரண்டே வரி போட்டார்: "என் பெயரை எடுங்கள் என்று நான்தான் சொன்னேன். சதுரங்கப்பட்டினத்து ஜனங்களின் வாயை மாற்றிய படத்துக்கு நான் டைரக்டர் இல்லை."

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. இன்டர்வெல் பெல் அடிப்பதற்குள் அறிக்கை எழுதிவிட்டேன். 'ஈரக்கரை படத்தை முற்றாகப் புறக்கணிக்கிறோம். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஆள் தியேட்டர் படி மிதிக்க மாட்டான். காலி நாற்காலிகளுக்குப் படம் ஓட்டிக்கொள்ளுங்கள்.' மாலைக்குள் ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். மதுரையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கும்பிட்டார்கள். வரதன் பத்தடி நீளத்துக்கு 'புறக்கணிப்போம்' என்று ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார். அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பரிமளாக்கா போன் செய்தாள்.

"டீச்சர், நீங்க எழுதினத எம் பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. ஜோராத்தான் கீது. ஆனா அதுல நான் எங்க கீறேன்?"

வகுப்பில் கடைசி பெஞ்சுவரை பெயர் தெரிந்த நான், படத்தில் நடித்த ஒரே ஒரு தெரிந்த மனுஷியை மறந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

ஞாயிறு போனபோது ஏலம் முடிந்து தராசைக் கழுவிக்கொண்டிருந்தாள். கணவர் சுதாகர் பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தார். நான் போகிற வழியெல்லாம் தயார் செய்திருந்த பிரசங்கத்தை ஆரம்பித்தேன். ஸ்டுடியோவுக்கு இதுதான் பாடம், நாம் போனால் அவர்கள் செய்தது சரி என்று ஆகிவிடும், உங்கள் குரலுக்காகத்தான் டைரக்டர் தன் பெயரையே விட்டார் என்றெல்லாம் சொன்னேன். அவள் தராசைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"வெள்ளிக்கெழம காலைல மொத ஷோவுக்கு வேன் சொல்லியாச்சு டீச்சர். நாப்பது பொம்பளைங்க. எட்டு மாசமா நான் சொல்லிகினு கீறேன், அந்தாளை நிக்க வச்சுக் கேட்டேன், நீங்க பாக்கத்தான் போறீங்கன்னு. இப்ப போவாதீங்கன்னா, பரிமளா சும்மா கத வுட்டுகினு இருந்தான்னு ஆயிடாதா?"

"போனா இன்னும் மோசம்க்கா. வேற யாரோ பேசியிருப்பாங்க. உங்க குரல் இருக்காது."

"தெரியும். ஒங்க டைரக்டரு பேரு போச்சு, எனக்கு வாயே போச்சு. போனது இன்னான்னு நான் பாக்க வேணாமா? அவரு பெரியவரு, வேணாம்னு வெலகிட்டாரு. என் மூஞ்சி அதுக்குள்ள மாட்டிகினு கீது. நான் எப்டி வெலகறது?"

சுதாகர் தலையைத் தூக்காமலே, "அவ போவாம இருக்க மாட்டா டீச்சர்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க எனக்கு என்மேலேயே எரிச்சல். படத்தைக் காலி நாற்காலிக்கு ஓட்டு என்று நான் எழுதியது ஸ்டுடியோவுக்கு. அந்தக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நிற்கப்போவது பரிமளாக்காவின் முகம். தப்பு செய்தால் நான் சத்தமாகச் செய்கிற ஆள். திருத்துவதை மட்டும் முணுமுணுப்பானேன்? திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் இரண்டாவது அறிக்கை போட்டேன். 'என் முதல் அறிக்கை தவறு. வெள்ளி காலை ஒன்பது மணிக்கு வருகிறோம். ஸ்டுடியோவுக்காக அல்ல, எங்கள் பரிமளாவுக்காக. யாருக்கும் கைதட்ட மாட்டோம், அவருக்கு மட்டும் தட்டுவோம்.'

முதல் அறிக்கைக்குக் கும்பிட்ட கைகளெல்லாம் இப்போது கல்லை எடுத்தன. ஸ்டுடியோ எவ்வளவு கொடுத்தது என்றார்கள். துரோகி, விலைபோன டீச்சர் என்றார்கள். ஒருவர் என் கல்வித் தகுதியைச் சந்தேகப்பட்டார். அதையெல்லாம் பொருட்படுத்துகிற ரகமில்லை நான். வரதன் சொன்னதுதான் வலித்தது.

"பத்தடி ஃப்ளெக்ஸ் அடிச்சு வச்சிகினு கீறேன் டீச்சர். ஒரு வாரத்துல மாத்திப் பேசுனா பேரவைக்கு இன்னா மரியாத? நீங்க உள்ள போங்க. நான் வெளிய நிக்கறேன். இனிமே நீங்க செயலாளர் இல்ல."

"சரி. ஆனா காகிதத்தை நான்தான் கொண்டுவருவேன்" என்றேன். அதை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுத் தியேட்டர் வாசலில் காத்திருந்தேன். எட்டரைக்கு வேன் வந்து நின்றது. பச்சைப் பட்டுப்புடவையில் பரிமளாக்கா முதலில் இறங்கினாள், பின்னாலேயே சுதாகர். அவள் வாய்க்குள் எதையோ அதக்கிக்கொண்டிருந்தாள். என்னக்கா என்றேன். பனங்கற்கண்டு என்றாள். வேனில் வந்ததில் தொண்டை வறண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அறிவியல் டீச்சராக இருந்து என்ன பிரயோஜனம், கண்ணெதிரே இருந்த சாட்சியத்தை நான் கவனிக்கவில்லை.

வாசலில் வரதனும் பத்துப் பதினைந்து பேரும் ஃப்ளெக்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் தயங்கினார்கள். பரிமளாக்கா நேராக வரதனிடம் போனாள்.

"அண்ணாத்த, உள்ள கீற படத்தத்தான் நீ திட்டிகினு கீற. வெளிய நின்னு திட்டுனா அதுக்கு எப்டிக் கேக்கும்? சுருட்டிகினு உள்ள வா."

வரதன் ஃப்ளெக்ஸை இன்னும் உயர்த்திப் பிடித்தார். நாங்கள் படியேறினோம். தியேட்டர் மேனேஜர் சுப்புராமன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, ரகளை ஏதாவது செய்தால் ஷோவை நிறுத்திவிடுவேன் என்று எச்சரித்தார். என் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா?" என்றார். "ஒளிச்சேர்க்கை" என்றேன். உண்மையும் அதுதான், அந்த யூனிட் டெஸ்ட் ஒளிச்சேர்க்கை பாடத்துக்கு வைத்தது.

பாதி தியேட்டர்தான் நிறைந்திருந்தது. விளக்கு அணைந்த பிறகு கடைசி வரிசையில் சிலர் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சுருட்டிய ஃப்ளெக்ஸை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வரதன் உட்கார்ந்திருந்தார்.

டைட்டில் ஓடியது. நடிகர், ஒளிப்பதிவு, இசை எல்லாம் வந்தன. இயக்கம் வரவேண்டிய இடத்தில் அன்னபட்சியின் சின்னம் இறக்கையை விரித்துவிட்டுப் போனது. எல்லார் கையிலும் நான் கொடுத்த காகிதம் இருந்தது. ஒருவரும் வீசவில்லை.

இடைவேளைக்குச் சற்று முன்னால் அந்தக் காட்சி வந்தது. சதுரங்கப்பட்டினத்து மணலும் கோட்டைச் செங்கலும் தெரிந்ததும் நாற்பது பெண்களும் நிமிர்ந்தார்கள். திரை முழுக்கப் பரிமளாக்காவின் முகம். கண் சிவந்திருக்கிறது, இரண்டு கையும் இடுப்பில் இருக்கின்றன. வாய் திறந்தது. ஒரு மெல்லிய அழுகைக் குரல் வெளியே வந்தது.

"ஐயா, எங்க வயித்துல அடிக்காதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு கும்பிடு. பக்கவாட்டு வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சிரிப்பாகத்தான் இருந்தது. சுதாகர் தலையைக் குனிந்துகொண்டார். பெண்களில் யாரோ, "இன்னாடி இது, இவ கும்பிடவே இல்லன்னாளே" என்று முனகினாள். இதைப் பார்க்கவா இவள் வேன் பிடித்து வந்தாள் என்று எனக்கு இருந்தது.

பரிமளாக்கா எழுந்து நின்றாள்.

"இன்னா சார், கடலுக்கு வேலி போடறியா?"

ஏலக்குரல். மைக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். முதல் வரி திரையைவிட ஒரு மூச்சு பின்தங்கியது. அழுகைக் குரலும் இவள் குரலும் முட்டிக்கொண்டன. இரண்டாவது வரியில் எட்டிப் பிடித்தாள்.

"போடு சார். கடலு கேட்டுகினா உள்ள வருது? நாங்க அதுக்கிட்ட கேட்டுகினு போறோம். நீ யார்கிட்ட கேட்டுகினு வந்த?"

மூன்றாவது வரிக்கு வாய் அப்படியே பொருந்திவிட்டது. திரையில் இருக்கிறவள் மூச்சு வாங்கினால் இவளும் வாங்கினாள். அவள் தலையை ஆட்டினால் இவள் பச்சைப்புடவைத் தலைப்பும் ஆடியது. முப்பது தடவை பேசியிருப்பேன் என்று சொன்னது பெருமைக்கு இல்லை, கணக்குக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். தியேட்டரின் ஸ்பீக்கர் மட்டும் விடாமல் ஐயா ஐயா என்று அழுதுகொண்டிருந்தது.

வாசல் கதவில் சுப்புராமன் நிற்பது தெரிந்தது. ஷோவை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் திரையைப் பார்த்தார். பரிமளாக்காவைப் பார்த்தார். பிறகு மேலே ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கிக் காட்டினார். அழுகைக் குரல் தேய்ந்து தேய்ந்து நின்றது. படம் ஓடியது, சத்தம் முழுக்க இவளுடையது.

"நாளைக்கும் நான் இங்கதான் நிப்பேன். நாளாண்ணைக்கும் நிப்பேன். வேலியத் தூக்கிகினு நீ கெளம்பு."

திரையில் பரிமளாக்கா வாயை மூடிக்கொண்டாள். கீழே நின்றவள் மூடவில்லை. ஆள் இல்லாத கடற்கரை திரையில் விரிந்து கிடந்தது. அந்த இடைவெளியில் அவள் அதே குரலில் சொன்னாள்.

"இத்த எடுத்தவரு பேரு தனக்கோடி."

யார் முதலில் வீசியது என்று தெரியாது. நான் வீசும்போது என் தலையில் ஏற்கெனவே காகிதம் விழுந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையிலிருந்து வரதனின் விசில் வந்தது, அதை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் சொல்வேன். சுதாகர் தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார். நாற்பது பெண்களும் அவளைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்கள், அவள் உட்காரவில்லை. எனக்குக் கண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை.

இடைவேளையில் சுப்புராமன் வந்தார். ஸ்டுடியோவிலிருந்து கேட்டால் சவுண்டு சிஸ்டம் ரிப்பேர் என்று சொல்லிக்கொள்கிறேன் என்றார். டீயும் வரவழைத்தார். பரிமளாக்கா ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், எனக்குப் பேசுன அந்தப் பொம்பள யாரு? பாவம், நல்ல கொரலு. அதுக்கும் அழுன்னு சொல்லித்தான அழுதிருக்கும்."

அவளைப் பற்றி நான் எந்த அறிக்கையிலும் யோசித்திருக்கவில்லை.

படம் முடிந்து வெளியே வந்தபோது வரதன் படிக்கட்டில் ஃப்ளெக்ஸை விரித்துத் திருப்பிப் போட்டிருந்தார். பின்பக்கம் வெறும் வெள்ளை. டீக்கடையில் இரவல் வாங்கிவந்த மார்க்கரால் 'பரிமளா நேரில் பேசுகிறார்' என்று கொட்டைக் கொட்டையாக எழுதி முடித்திருந்தார். பன்னிரண்டரை மணி ஷோவுக்கு வரிசையில் நின்றவர்கள் எழுத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தினி நாளைக்குன்னு போடட்டும்க்கா?" என்று கேட்டார் வரதன்.

பரிமளாக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னொரு கல் பனங்கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"படம் எத்தினி நாளு ஓடுதோ, போடு."