முதல் ஆல்பத்தின் ஆறாவது பாட்டு

பஞ்சுவுக்கும் அவள் அண்ணிக்கும் சிநேகம் உண்டானதே ஒரு சண்டையில்தான். அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி அந்த வீட்டுக்கு வந்த புதிது. பஞ்சு அப்போது படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ஓயாத காதுவலி, எந்நேரமும் காதில் பஞ்சோடு திரிவாள் என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஒரு நாள் மரியாதைக்காக இயர்போனில் ஒன்றைக் கழற்றி அண்ணியிடம் நீட்டினாள். புது மருமகள் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "இது இவனோட மூணாவது ஆல்பம்தானே? முதல் ஆல்பத்தோட கால்தூசி பெறாது," என்று சொல்லிவிட்டாள்.

ஹிப்-ஹாப் கேட்கிற அண்ணி வாய்ப்பாள் என்று பஞ்சு கனவிலும் நினைக்கவில்லை. அதுவும் மூன்றாவது ஆல்பத்தைக் குறை சொல்கிற அண்ணி.

"மூணாவதுலதான் இசை நல்லா இருக்கு அண்ணி. முதல்ல எல்லாம் ஒரே இரைச்சல். பின்னாடி யாரோ பாத்திரம் கழுவுற சத்தம்கூடக் கேக்கும்."

"கேக்கட்டுமே. அப்ப அவனை யாருக்கும் தெரியாது, அதனால மனசுல உள்ளது மொத்தத்தையும் கொட்டிட்டான். அப்புறம் பேர் வந்துடுச்சு. பேரோட பயமும் வந்துடுச்சு. யாரோட ஆல்பத்தை வேணா எடுத்துக்கோ, முதல் ஆல்பம்தான் ஆளு. மத்ததெல்லாம் ஆளோட போட்டோ."

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு பல வருஷமாக ஓய்ந்தபாடில்லை. யாருடைய முதல் ஆல்பம் உசத்தி, யார் முதல் பாட்டிலேயே ஆளைக் கட்டிப்போட்டார்கள், யார் கடைசிப் பாட்டில் கோட்டை விட்டார்கள் என்று சமையலறையில் இருவரும் பேசப் பேச, மின்தூக்கி பழுதுபார்க்கும் அண்ணன், வேற்று மொழிப் படத்தில் வந்து மாட்டிக்கொண்டவர் போலத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அண்ணி நகரப் பேருந்து ஓட்டுநர். பஞ்சு படிப்பை முடித்து, ஒரு காது மருத்துவமனையில் காது கேட்கும் கருவி பொருத்தும் வேலையில் சேர்ந்தாள். ஓய்வு நேரத்தில் மடிக்கணினியில் தாளம் கட்டுவாள். ஒரு மழைக்காலத்தில் அவள் கட்டிய தாளத்தைக் கேட்டதும் அண்ணி, "என் பஸ்ஸோட வைப்பர் இதே வேகத்துலதான் அடிக்கும்," என்றாள். சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்த்தபடியே, அந்தத் தாளத்துக்கு நான்கு வரி சொன்னாள். நெரிசலில் நிற்கும்போதெல்லாம் அவள் மனசுக்குள்ளேயே சேர்த்து வைத்த வரிகள் அவை. யாருக்கும் சொன்னதில்லையாம்.

"அண்ணி, இதை நாம ஆல்பமாப் போடறோம்," என்றாள் பஞ்சு.

மருத்துவமனையில் காதைச் சோதிக்கும் அறை ஒன்று உண்டு. அலமாரி அளவுதான் இருக்கும்; சுவரெல்லாம் மெத்தை, ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல், கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் ஒரு பொட்டுகூட உள்ளே வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று பஞ்சு டாக்டரிடம் கேட்டாள். "கதவு கைப்பிடியை உடைக்காம இருந்தா சரி," என்றார் அவர். மின்விசிறி வைத்தால் சத்தம் வரும் என்பதால் உள்ளே காற்றே கிடையாது. அண்ணி ஒரு பாட்டைப் பாடி முடித்து வெளியே வரும்போது ஆவியில் வெந்தவள் மாதிரி இருப்பாள்.

வைப்பரைப் பற்றி ஒரு பாட்டு, சில்லறை இல்லாத பயணியைப் பற்றி ஒன்று, பெண் பேருந்து ஓட்டுவதைப் பார்த்ததும் இறங்கி அடுத்த பேருந்துக்குக் காத்திருந்த மனிதரைப் பற்றி ஒன்று. இப்படி ஐந்து பாட்டு முடிந்ததும், ஆறாவதாக அண்ணி ஒன்றைச் சொன்னாள். பஞ்சு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டாள்.

*எங்க வீட்டு மாமனார் பேச மைக்கு எதுக்கு?
எதிர்வீட்டு ஜன்னல்கூட எழுந்து பதில் சொல்லுது;
உப்பு கம்மின்னு அவர் சொன்னா ஊருக்கே தெரியுது,
ஒத்த வார்த்தை நான் சொன்னா சுவத்துக்குத்தான் புரியுது.*

பஞ்சு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா அச்சகத்தில் இயந்திரங்களுக்கு நடுவிலேயே வாழ்நாளைக் கழித்தவர். காது அங்கேயே போய்விட்டது. ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். "என் காது நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறீங்க," என்பார், தெருவுக்கே கேட்கும்படி. காது கருவி பொருத்துபவளின் அப்பாவே கருவி போடவில்லை என்று மருத்துவமனையில் அவளைக் கேலி செய்வார்கள்.

இரண்டாவது பகுதி வந்தபோது அவள் சிரிப்பு நின்றது.

*கத்துறவர் காதுக்குள்ள கதவு ஒண்ணு சாத்தியிருக்கு,
தட்டித் தட்டி என் கையும் தடிச்சுப் போயிருக்கு;
வந்த நாளா வாசலிலே வார்த்தையெல்லாம் காத்திருக்கு,
என் குரலை ஒருநாள் இவர் கேக்கணும்னு ஏக்கமிருக்கு.*

கதவைத் திறந்து அண்ணி வெளியே வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எப்படி?" என்றாள்.

"இருக்கறதுலயே இதான் நல்ல பாட்டு," என்றாள் பஞ்சு. "ஆனா வேண்டாம் அண்ணி. அவர் என் அப்பா. ஊர் முழுக்கச் சிரிக்கும்."

"எனக்கு மட்டும் அவர் யாரோவா? இதை எடுத்துட்டா இது முதல் ஆல்பமே இல்ல பஞ்சு. மூணாவது ஆயிடும்."

பாட்டு ஆல்பத்திலேயே இருந்தது. எப்படியும் அப்பா காதில் விழப் போவதில்லை என்று இருவருமே மனதுக்குள் நினைத்துக்கொண்டார்கள்.

இந்த நேரம் பார்த்து அப்பா கருவிக்குச் சம்மதித்தார். செய்தியும் தொலைபேசிப் பேச்சும் கம்பியில்லாமல் நேராகக் காதுக்குள்ளேயே வரும் புது வகைக் கருவி வந்திருக்கிறது என்று பஞ்சு சொன்னதும், "செய்தி கேக்கறதுக்குன்னா சரி. காதுக்காக இல்ல," என்று நிபந்தனையோடு இறங்கி வந்தார். பஞ்சு இரண்டு காதுக் கருவிகளையும் தன் கைபேசியோடு இணைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, அவர் காதுகளில் பொருத்தி வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

அடுத்த நாள் காலை அண்ணி சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பஞ்சு, "ஆறாவது பாட்டு தயார், கேளுங்க," என்று கைபேசியைத் தட்டினாள். பாட்டு ஓடுகிற அடையாளம் திரையில் நகர்ந்தது. சத்தம் வரவில்லை. ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். "ஸ்பீக்கர் போச்சு போல," என்று கைபேசியைக் குலுக்கினாள்.

பிறகுதான் திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்ததைப் பார்த்தாள். "அப்பா இடது, அப்பா வலது."

"ஐயையோ," என்றாள்.

இருவரும் சமையலறை வாசலில் தலையை நீட்டினார்கள். கூடத்தில் அப்பா செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்தார். தாள் அசையவில்லை. பஞ்சு பதற்றத்தில் நிறுத்துவதற்குப் பதில் வேறு எதையோ அழுத்தினாள். மறுபடி அழுத்தும்போது பாட்டு தானாகவே முடிந்துவிட்டிருந்தது. அப்பா செய்தித்தாளை மடித்தார். எழுந்து மாடிப்படி ஏறிப் போனார்.

"நறுக்குன காயை மூடி வை," என்றாள் அண்ணி.

அன்று மதியத்திலிருந்து அப்பா மெதுவாகப் பேச ஆரம்பித்தார். "கொஞ்சம் தண்ணி குடும்மா," என்று அவர் சொன்னது பக்கத்தில் நின்ற அண்ணிக்கே சரியாகக் கேட்கவில்லை. சாப்பாட்டில் உப்பு கம்மியா, கூடுதலா என்று ஒரு வார்த்தை இல்லை. வீடு வெறிச்சோடிப் போன மாதிரி இருந்தது. "அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று அண்ணன் கவலைப்பட்டார். எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கே வந்து, "ஊருக்குப் போயிட்டாரா உங்க மாமனார்?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. "அந்தப் பாட்டை எடுத்துடு பஞ்சு. முதல் ஆல்பமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

"இப்ப எடுத்து என்ன பண்ண? கேட்டாச்சே," என்றாள் பஞ்சு. "நீங்களே போய்ப் பேசிடுங்க. நான் பேசினா அழுதுடுவேன்."

அண்ணி பேசுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே, அப்பாவே வந்தார். பகல் நேரம், பேருந்தில் கூட்டம் குறைவு. ஒரு நிறுத்தத்தில் கதவைத் திறந்தால் படியில் ஏறுகிறார். சீட்டு வாங்கிக்கொண்டு ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று எழுதியிருந்ததாலோ என்னவோ, வழி முழுக்க வாய் திறக்கவில்லை. அண்ணிக்கு முதுகு கூசியது. பழகிய வளைவில்கூடக் கொஞ்சம் அகலமாகத் திருப்பிவிட்டாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நடத்துநர் தேநீர் குடிக்கப் போனார். அண்ணி இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள்.

"மாமா, அந்தப் பாட்டு..."

"உப்பைப் பத்திச் சொன்னது வாஸ்தவம்," என்றார் அப்பா. "அதை நான் ஒத்துக்கறேன். எதிர்வீட்டு ஜன்னல் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா அந்த ரெண்டாவது பத்தி இருக்கே, அதுல பாதி வார்த்தை எனக்குப் புரியல. மேளம் போட்டு அமுக்குது. என்னைத் திட்டுறதா இருந்தா தெளிவாத் திட்டுங்க."

"திட்டல மாமா."

"அதுதான் புரியலங்கறேன். மேளம் இல்லாம சொல்லு, கேப்போம்."

காலியான பேருந்தில், கையை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணி அந்த நான்கு வரிகளையும் சொன்னாள். வேகமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக. கடைசி வரியில் குரல் கொஞ்சம் இடறியது. சமாளித்துக்கொண்டு முடித்தாள்.

அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "வருத்தமே இல்லைன்னு சொன்னா பொய்," என்றார். "அன்னிக்கு மாடியில போய் ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் ஒண்ணு தோணிச்சு. இத்தனை வருஷமா உன் குரல் முணுமுணுன்னு இருக்கும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு அப்படித்தான் எட்டும். இது நல்லா கனமான குரலா இருக்கே."

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அப்ப ஏன் மாமா இப்படி மெதுவாப் பேசறீங்க? நாங்க தவிச்சுப் போயிட்டோம்."

"பின்ன? அந்தப் பாட்டுக்கு அப்புறம்தான் கவனிச்சேன், இந்தக் கருவியில என் குரல் எனக்கே இடி மாதிரி கேக்குதும்மா. இவ்வளவு நாளா எப்படித்தான் பொறுத்துக்கிட்டீங்களோ."

நடத்துநர் திரும்பி வந்தபோது, ஓட்டுநர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பதையும், பெரியவர் ஒருவர் அவளிடம் தண்ணீர் புட்டியை நீட்டுவதையும் பார்த்துவிட்டு, ஏதாவது தகராறா என்று கேட்டார்.

பஞ்சு இதைக் கேட்டதும் முதலில் நிம்மதியாக மூச்சு விட்டாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். இயந்திரச் சத்தத்தில் காது போனவர்களுக்கு 'அ', 'ஆ' என்கிற ஓசையெல்லாம் நன்றாகவே கேட்கும். ச, த, ப மாதிரி சன்னமான ஓசைகள்தான் நழுவிவிடும். 'பத்து' எது, 'கத்து' எது என்று பிரிக்க முடியாது. தினமும் நோயாளிகளின் வீட்டாருக்கு அவள் வாயாலேயே சொல்லும் விஷயம்தான். அதே சன்னமான ஓசைகளின் மேல்தான் 'ஜிங், ஜிங்' என்று தாளத் தட்டின் சத்தத்தை அடுக்கி வைத்திருந்தாள், தன் காதுக்கு இனிமையாக இருந்ததால். நல்ல காது உள்ளவர்களுக்கு மட்டும் செய்த ஆல்பம். எல்லாப் பாட்டையும் மறுபடி திறந்தாள். தாளத்தைக் கீழே இறக்கினாள், குரலை முன்னே கொண்டுவந்தாள். சில இடங்களில் தாளத்தையே எடுத்துவிட்டாள். அந்த இடங்களில் அண்ணியின் மூச்சு கேட்டது. இருக்கட்டும் என்று விட்டாள்.

ஆல்பம் வெளிவந்தது. உலகம் ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. பேருந்துப் பணிமனையில் எல்லோரும் கேட்டார்கள். சில்லறைப் பாட்டு நடத்துநர்களுக்குத் தேசிய கீதம் மாதிரி ஆகிவிட்டது. முகம் தெரியாத ஒருவர், தனக்குப் பிடித்த முதல் ஆல்பங்களைப் பற்றி இணையத்தில் எழுதியபோது, பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் அடியில் இதையும் சேர்த்து, "ஒரு சொல்கூடத் தப்பாமல் காதில் விழுகிறது," என்று எழுதியிருந்தார். பஞ்சு அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். "அது யாரால?" என்று மட்டும் கேட்டார்.

ஆல்பத்தை முழுசாகக் கடைசியில் கேட்டவர் அண்ணன்தான். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை அசையாமல் கேட்டார். முடிந்ததும் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"என்னங்க, பிடிக்கலையா?" என்றாள் அண்ணி.

"நல்லாத்தான் இருக்கு. அப்பா இருக்கார், வைப்பர் இருக்கு, சில்லறை இல்லாதவன்கூட இருக்கான். என்னைப் பத்தி ஒரு வரி இல்லையே."

"உங்களைப் பத்தி என்னத்தைப் பாடறது? உங்ககிட்ட எனக்கு ஒரு குறையும் இல்லையே."

அது பாராட்டா, இல்லையா என்று அண்ணனுக்குத் தெளிவாகவில்லை. அப்பா கூடத்திலிருந்து, யாரும் கேட்காமலேயே, தாழ்ந்த குரலில் சொன்னார்: "ரெண்டு நாள் உப்பு கம்மின்னு சொல்லிப் பாரு. பாட்டு தானா வரும்."