கெட்டி ஸ்பிரிங்

ஹர்ஷினி ஒரு கையால் அம்மாவின் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் பிளாஸ்டிக் கவரை வாய்க்கு நேராக விரித்துப் பிடித்திருந்தாள். எமிரேட்ஸ் ரோட்டின் ஓரத்தில், விளக்குகள் விட்டுவிட்டு எரிய, புது வண்டி நின்றிருந்தது. வீட்டிலிருந்து கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் இது இரண்டாவது முறை.

அப்பா வாசு ஸ்டியரிங்கை விடாமல் முன்னால் பார்த்தபடியே சொன்னார். "திரும்பிரலாம் கண்ணு. ஆஸ்பத்திரிக்கே போயிரலாம்."

பத்மா வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போலாங்க. இன்னிக்கு ஜெபல் ஜைஸ் மலைதான்."

நாளை என்ற சொல்லை மூவருமே தாண்டிப் போனார்கள். ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி நாட்கள்தான் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரமாகிறது. வலிக்குத் தோளில் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தது. பத்மா கேட்டது ஒன்றுதான்: மலைப்பாதையில் உச்சிவரை ஒரு தடவை போய் வர வேண்டும்.

ஹர்ஷினிக்குப் புரியாதது இதுதான். வீட்டில் அம்மாவுக்குக் குமட்டல் இல்லை. நேற்று குடித்த கஞ்சியும் மோரும் வயிற்றில் தங்கின. குமட்டலுக்கான மாத்திரை வேலை செய்கிறது. வண்டியில் ஏறினால் மட்டும் புரட்டுகிறது. அதுவும் இந்த வண்டியில் மட்டும். போன மாதம்வரை ஸ்கேனுக்கு அவள்தான் அம்மாவைப் பழைய வண்டியில் அழைத்துப் போனாள். ஒரு முறைகூட இப்படி ஆனதில்லை.

அந்தப் பழைய வண்டி பத்மாவுடையது. நான்கு கதவு, கையால் மாற்றும் கியர், தரையை ஒட்டிய உட்காரும் உயரம். லைசென்ஸ் டெஸ்டில் ஆறு முறை தோற்று ஏழாவதில் வென்ற கையோடு அதை வாங்கினாள். ஜெபல் அலியில் கணக்கு வேலை பார்த்தவள், லீவு நாளில் மலைப்பாதைகளைத் தேடிப் போனாள். போன மாதம் வாசு அதே பெயரில் வந்திருக்கும் புது மாடலை வாங்கி வாசலில் நிறுத்தினார். "உன் வண்டியேதான். புதுசு. மெத்தை மாதிரி இருக்கும், அலுங்காம போலாம்" என்றார்.

பத்மா அதைச் சுற்றி நடந்து பார்த்தாள். நீளம் கூடியிருந்தது. அகலம் கூடியிருந்தது. மூன்றாவது மிதியான கிளட்ச் இல்லை. "பேர் மட்டும் என் வண்டிங்க. மத்ததெல்லாம் சோபா செட்டு" என்றாள். அவர் முகம் வாடியதைப் பார்த்து, "நல்ல சோபாதான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"அப்பா, அந்த ஸ்போர்ட் பட்டனை அமுக்குங்க, பழைய வண்டி மாதிரி ஓடுதான்னு பாப்போம்" என்றாள் ஹர்ஷினி.

வாசு அமுக்கினார். திரை சிவப்பாக மாறியது. வண்டி நகர்ந்ததும் எஞ்சின் உறுமியது. உறுமல் கதவிலிருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

பின் சீட்டில் கண்ணை மூடியிருந்த பத்மா சிரித்தாள். "சத்தத்தைத்தான் ஏத்தறான். ஆடறது அப்படியேதான் ஆடுது."

ஹர்ஷினி திரும்பிப் பார்த்தாள். ஆடுவது. அதுவரை அவள் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த எக்ஸிட்டில் திரும்பி சர்வீஸ் ரோட்டுக்கு வந்தபோது ஒரு வேகத்தடை வந்தது. சீட்டுகளுக்கு நடுவே பாட்டில் வைக்கும் குழியில் இருந்த தண்ணீர் பாட்டிலையே ஹர்ஷினி பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி மேட்டில் ஏறி இறங்கியது. தண்ணீர் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. வண்டி மேட்டைத் தாண்டிவிட்டது. தண்ணீர் இன்னும் தாண்டவில்லை.

"அப்பா, ஓரமா நிறுத்துங்க."

இறங்கி, டிக்கி மூடியை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டுக் கையை எடுத்தாள். வண்டி மெதுவாக அமுங்கி, மெதுவாக எழுந்து, இன்னொரு முறை லேசாகத் தலையாட்டியது.

நடக்கும்போது நம் உடம்பு நொடிக்கு இரண்டு தடவை குலுங்குகிறது. பிறந்ததிலிருந்து பழகிய குலுக்கல் அது. வயிறு அதைப் பொருட்படுத்துவதில்லை. அதைவிட மெதுவான ஆட்டம்தான் வயிற்றைக் கலக்கும். படகில் நடப்பது அதுதான். காதுக்குள் இருக்கும் திரவம் ஆடுகிறோம் என்கிறது. கண் எதிரே முன் சீட்டின் முதுகு அசையாமல் நிற்கிறது, ஆடவில்லை என்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் உடம்பு மிரண்டு, உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகிறது. வண்டி பெரிதாகப் பெரிதாக, வாங்குகிறவர் மெத்தை கேட்கக் கேட்க, ஸ்பிரிங்கை மென்மையாக்கினார்கள். மேடு தெரியாமல் போனது. அதற்குப் பதிலாக அலை வந்தது.

"அம்மாவைப் பழைய வண்டியில கூட்டிட்டுப் போலாம்ப்பா."

"அந்தக் கட்ட வண்டியிலயா?" வாசுவின் குரல் உயர்ந்தது. "ஒரு கல்லு மேல ஏறுனா முதுகெலும்புல தெரியும். இந்த உடம்புல அவ தாங்குவாளா?"

"குலுங்கும்ப்பா. ஆனா ஒரு தடவை குலுங்கி நின்னுரும். இது நிக்கவே மாட்டேங்குது."

"வலிச்சா?"

"வலிச்சா நானே சொல்றனுங்க" என்றாள் பத்மா. "எனக்கென்ன வாயா இல்ல?"

வீட்டுக்குத் திரும்பினார்கள். பழைய வண்டி கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தூசி படிந்து நின்றது. முதல் திருப்பிலேயே கிளம்பியது. வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. வாசுவிடம் இருந்தது ஆட்டோமேட்டிக் லைசென்ஸ்தான், அதனால் ஹர்ஷினி ஓட்ட உட்கார்ந்தாள்; முழங்கால் தாடையைத் தொட அவர் பின்னால் அடங்கி உட்கார்ந்தார். பத்மாவை முன் சீட்டில், முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்த்தினார்கள்.

"எப்படிங்க இருக்குது பின்னாடி?"

"மீன் டப்பா மாதிரி."

"மீனு சும்மா வரோணும்."

சர்வீஸ் ரோட்டின் வேகத்தடையில் வண்டி 'தொம்' என்று ஒரு முறை குதித்து அடங்கியது. ஹர்ஷினி மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் பார்த்தாள். பத்மாவின் உதடு வலியில் ஒரு கணம் இறுகி, விரிந்தது. "இது மேடு" என்றாள். "மேடுன்னா மேடுன்னு சொல்லுது பாரு."

ராஸ் அல் கைமா நகரம் தாண்டியது. கவர் மடித்தபடியே இருந்தது. மலை அடிவாரத்தில் பத்மா கண்ணாடியை இறக்கச் சொன்னாள். குளிர்ந்த காற்று வந்தது. முதல் கொண்டை வளைவில் ஹர்ஷினி கியரைப் பிடித்ததும், எலும்பாகிப்போன ஒரு கை அவள் கைமேல் வந்து அமர்ந்தது.

"ரெண்டு. இப்ப."

வண்டி சாயவில்லை. திரும்பியது, அவ்வளவுதான். பத்மாவின் கண்கள் வளைவு முடியும் இடத்தில் இருந்தன. அங்கே வண்டி போய்ச் சேர்ந்தது.

"மூணு. விடு, விடு, இழுக்கட்டும்."

நான்காவது வளைவில், வாசு வாங்கிய அதே புது மாடல் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. வளைவில் ஒரு பக்கமாகச் சரிந்து, யோசித்து, நிமிர்ந்தது. பாதை இரண்டு வரிசையாக அகன்ற இடத்தில் ஹர்ஷினி அதைக் கடந்தாள். வேக வரம்புக்குள்தான். அதன் பின் சீட்டில் ஒரு குழந்தை முகம் வெளுத்துக் கண்ணாடியில் சாய்ந்திருந்தது.

"பாவம், அந்தக் கொழந்தைக்கு ஒரு கவர் கொடுங்க" என்றாள் பத்மா. மூவரும் சிரித்தார்கள். வாசு சத்தமாகச் சிரித்தார். தலை கூரையில் இடித்தது.

உச்சியில் ஏலக்காய் மணக்கும் கரக் டீ வாங்கினார்கள். பத்மா மூன்று மிடறு குடித்தாள். மூன்றும் உள்ளே தங்கின. கீழே மலைகள் அடுக்கடுக்காகப் பழுப்பில் கிடந்தன. ஏறி வந்த பாதை அவற்றின் நடுவே ஒரு நாடாவைப் போல வளைந்து தெரிந்தது. ஒவ்வொரு வளைவையும் விரலால் தொடுவதுபோல் காட்டிக்கொண்டு வந்தாள். "அத்தனையும் ஏறிட்டோம்" என்றாள்.

இறங்கும்போது தூங்கினாள். வீட்டுக்கு வந்த பிறகும் தூக்கம் தொடர்ந்தது. பக்கத்து மசூதியில் சாயங்கால மக்ரிப் பாங்கு கேட்ட நேரத்தில் மூச்சு நீண்டு, இடைவெளி விட்டு, நின்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வந்தார். வீட்டில் நடந்த சாவு என்பதால் வழக்கப்படி போலீஸும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஹர்ஷினி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து பத்மாவின் தங்கை பிருந்தா கூப்பிட்டாள். வாசு போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, படுக்கையின் ஓரத்தில் கையூன்றி நின்றார்.

"ரொம்ப கஷ்டப்பட்டுட்டாளா மாமா?" அழுகையினூடே வந்தது பிருந்தாவின் குரல். "அந்தப் பெரிய வண்டியில எங்கியோ கூட்டிட்டுப் போறதா சொன்னீங்களே…"

"அது ஆகலம்மா. அதுல ரெண்டு தடவை வாந்தி. அப்புறம் ஹர்ஷி கண்டுபுடிச்சா." வாசு பத்மாவின் போர்வையைச் சரிசெய்தார். "ஸ்பிரிங் கெட்டியா இருக்கோணும். அவ முன் சீட்டுல உக்காரோணும். கண்ணு ரோட்டு மேல இருக்கோணும். அவ்ளோதான். மலை உச்சி வரைக்கும் போயிட்டு வந்தோம், குமட்டவே இல்ல."